திருப்பூரில் யாரைக் கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு தங்கை எங்களைத் தேடி வந்தாள். எம்பிஏ இரண்டாம் ஆண்டு, மனிதவள மேலாண்மை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஆய்வேட்டுக்காக ஒரு வினாத்தாள் வைத்திருந்தாள். திருப்பூர், வங்கதேசம், வியட்நாம் ஆகிய மூன்று இடத்துப் பின்னலாடைக் கம்பெனிகளில் ஆளெடுப்பு, பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் எப்படி நடக்கின்றன என்று ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம்: 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை. மேலே வயது, பால், படிப்பு, அனுபவம், திருமணம் ஆனவரா என்ற விவரங்கள்.

சாதி எங்கே என்று கேட்டோம்.

"கைடு எடுத்துடச் சொல்லிட்டாருண்ணா. மத்த ரெண்டு நாட்டுப் படிவத்துல அது இல்லையாம். இங்க மட்டும் சேர்த்தா ஒப்பிட முடியாதாம்."

அந்தப் பேராசிரியர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை. அவர் படித்த முறையியல் அப்படித்தான் சொல்கிறது. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ஒரு நாட்டில் மட்டும் இருப்பதை வெளியே வைக்க வேண்டும். அப்படி வெளியே வைக்கப்பட்டது எது, எப்போதிருந்து என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறோம். உங்களில் பலரும் நாளை ஒரு படிவத்தோடு யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்காரப் போகிறவர்கள்.

முதலில் பம்பாய்க்குப் போவோம். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நகரத்துப் பஞ்சாலைகளில் நல்ல கூலி நெசவுப் பிரிவில்தான். அங்கே தலித்துகளுக்கு இடமில்லை. நாடாவில் நூல் மாற்றும்போது நூலின் முனையை வாயால் உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். ஒரு தலித்தின் எச்சில் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று மற்ற நெசவாளர்கள் மறுத்தார்கள். எனவே தலித்துகள் கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் கொண்டுபோய் வைத்தார். நெசவுப் பிரிவின் கதவைத் திறக்கச் சொல்வதும் தொழிலாளர் கோரிக்கைதான் என்றார். ஆலையின் கூலிப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இந்த எச்சில் விவகாரம் அதில் இருக்காது. நெசவுக்கு ஒரு கூலி, நூற்புக்கு ஒரு கூலி என்று மட்டும் இருக்கும். நெசவு கூடுதல் திறமை கேட்கும் வேலை போல என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

அங்கிருந்து 40 ஆண்டு தாண்டுவோம். நாடுகளை ஒப்பிடும் கணக்கெடுப்புகளுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லத்தக்க ஒன்று 1967 முதல் 1973 வரை நடந்தது. கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர் ஐபிஎம் கம்பெனியின் உலகக் கிளைகளில் நிரப்பப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை வைத்து, ஒவ்வொரு நாட்டின் 'பண்பாட்டுக்கும்' மதிப்பெண் போட்டார். 1980ல் நூலாக வந்தது. அதில் 'அதிகார இடைவெளி' என்று ஓர் அளவுகோல். அதிகாரம் சமமாகப் பங்கிடப்படாததைக் கீழே இருப்பவர்கள் எந்த அளவுக்கு எதிர்பார்க்கிறார்கள், ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அது அளக்கிறதாம். டென்மார்க்குக்கு 18. இந்தியாவுக்கு 77. இன்றும் மேலாண்மைப் பாடப் புத்தகங்களில் அந்த 77 இருக்கிறது. இந்தியர்கள் படிநிலையை இயல்பாக ஏற்பவர்கள், மேலதிகாரி சொன்னால் கேட்பார்கள் என்று வகுப்பில் நடத்துகிறார்கள். அந்தத் தங்கையும் அதைப் படித்து மதிப்பெண் வாங்கியவள்தான்.

யாரைக் கேட்டு வந்தது இந்த 77? அந்தக் காலத்து இந்தியாவில் ஐபிஎம் வேலையில் இருந்த படித்த ஊழியர்களை. எந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த வேலையில் இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கீழே இருப்பவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்ற கேள்விக்கு, ஊருக்குள் கீழே இருந்தவர்கள் பதில் சொல்லவே இல்லை. ஒரு சாதி அமைப்பு 'தேசியப் பண்பாடு' என்று பெயர் மாறி, அதில் மிதிபடுகிறவர்களின் பண்பாடாகவும் ஆகிவிட்டது.

திருப்பூர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. நூல் வெளிவந்த நான்காவது ஆண்டு, 1984ல், பஞ்சப்படி கேட்டு இந்த ஊர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று மாதத்துக்கும் மேல் அடுப்புப் புகையாமல் நின்றவர்களை 'அதிகாரத்தை ஏற்பவர்கள்' என்று எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இடையில் 'வளர்ந்துவரும் சந்தைகள்' என்ற பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறோம். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் இருந்த அன்டோன் வான் அக்ட்மேல் 1981ல் வைத்த பெயர் அது. 'மூன்றாம் உலகம்' என்றால் முதலீட்டாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்பதால் நம்மை இப்படி அழைத்தார். முதலீட்டாளருக்கு வைத்த பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தைகளை ஒப்பிடும் கேள்விகளும் பெரும்பாலும் முதலீட்டாளருக்குப் பயன்படும் கேள்விகளாகவே இருந்திருக்கின்றன.

அந்தக் கேள்விகளை யாரிடம் கேட்கிறார்கள் என்பது இன்னொரு சிக்கல். 1989ல் ஐந்து ஐரோப்பிய நாடுகளோடு தொடங்கிப் பல கண்டங்களுக்கும் பரவிய கிராநெட் கணக்கெடுப்பில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு படிவம். அதை நிரப்புகிறவர் மனிதவளத் துறையின் தலைமை அதிகாரி. இருபது ஆண்டுகளாக நடக்கும் 'உலக மேலாண்மைக் கணக்கெடுப்பு' ஆலை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, 18 நடைமுறைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறது. இவையெல்லாம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் திருப்பூரை எண்ணிப் பாருங்கள். கட்டிங் ஒரு காண்ட்ராக்டர், தையல் ஒரு காண்ட்ராக்டர், அயர்ன், பேக்கிங் இன்னொருவர். சாயம் ஒரு பட்டறையில், எம்ப்ராய்டரி ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில், நூல் எங்கோ திண்டுக்கல் பக்கத்து மில்லில். கம்பெனியின் மனிதவள மேலாளருக்குத் தன் கூரையின் கீழ் இன்று உட்கார்ந்து தைக்கும் பீஸ் ரேட் ஆட்கள் எல்லாருடைய பெயருமே தெரியாது. அவரை வைத்துத்தான் இந்தியத் தொழிலாளியின் நிலை வியட்நாம் தொழிலாளியின் நிலையோடு ஒப்பிடப்படுகிறது.

இதே குழுவைச் சேர்ந்த நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் மும்பைப் பக்கத்து ஜவுளி ஆலைகளில் ஒரு சோதனை செய்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். 38 மேலாண்மை நடைமுறைகளைக் கற்றுக்கொடுத்தபோது முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு கூடியது. பாடப் புத்தகத்தில் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அதே கட்டுரையின் இன்னொரு பகுதி: ஒரு கம்பெனி எவ்வளவு பெரிதாகும் என்பதை அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண் வாரிசுகள் இருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. வெளியாட்களை நம்பி மேலாளர் ஆக்குவதில்லை. பொருளியலாளர்கள் அதற்கு 'நம்பிக்கைக் குறைபாடு' என்று பெயர் வைத்தார்கள். அண்ணன், தம்பி, மச்சான், பங்காளி தாண்டி நம்பிக்கை போகாத ஊரில் அதற்கு நாம் வழங்கும் பெயர் வேறு.

திருப்பூரில் இதைக் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தவர் சரத் சாரி. அவருடைய நூல் 2004ல் வந்தது. தலைப்பிலேயே பங்காளித்தனத்தையும் மூலதனத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார். இந்த ஊர் முதலாளிகளில் கணிசமானவர்கள் பரம்பரைப் பணக்காரர்கள் அல்லர். கிராமத்திலிருந்து வந்து மெஷின் ஓட்டி, பின்பு பங்கு போட்டுக் கம்பெனி தொடங்கிய கவுண்டர்கள். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: உழைப்பு. 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து பையர் வந்து நேரடி ஏற்றுமதி தொடங்கியபோது முந்திக்கொண்டவர்களில் பலர் இவர்கள்தாம். உழைத்தார்கள் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதே தோட்டத்தில், அதே வெயிலில், அவர்களைவிட அதிக நேரம் குனிந்து நின்ற அருந்ததியர் பண்ணையாளின் உழைப்பு ஏன் மூலதனம் ஆகவில்லை? அடகு வைக்கக் கொஞ்சம் நிலம், கைமாற்றுத் தர ஒரு மாமன், சரக்கைக் கடனுக்குத் தர ஒரு சாதிக்காரர். இந்த மூன்றும் உழைப்போடு சேர்ந்தால்தான் கம்பெனி. நம்மிடம் முதல் சரக்கு மட்டும் இருந்தது.

1990களின் கடைசியில் ஒரு மாற்றம் வந்ததைச் சொல்லியாக வேண்டும். 1997ல் எஸ்ஏ 8000 என்ற சமூகப் பொறுப்புத் தரம் வந்தது. 1998ல் பிரிட்டனில் நெறிசார் வணிக முயற்சி என்ற அமைப்பு உருவாகி ஓர் அடிப்படை விதிமுறையை வெளியிட்டது. இரண்டிலும் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் 'சாதி' என்ற சொல் இருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்து எழுதியவர்களுக்குக்கூட அந்தச் சொல் தேவைப்பட்டது! ஒப்பீட்டுக்கு இடைஞ்சல் என்று இங்கே எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் விதியில் இருப்பது ஆடிட்டில் எப்படி மாறுகிறது என்று இந்தப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடிட்டர் வருவது முன்பே தெரியும். தீயணைப்புக் கருவிக்கு முன்னால் கிடக்கும் துணி மூட்டை நகரும், மாஸ்க் வரும், குடிதண்ணீர்த் தொட்டி கழுவப்படும். "எத்தனை மணி நேரம் வேலை?" "எட்டு மணி நேரம் சார்." சாதிப் பாகுபாடு உண்டா என்பதற்கு ஒரு கட்டம். மேலாளர் "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்பார், டிக். அவர் பொய் சொல்லவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். யார் வேலைக்கு வரலாம், யார் எங்கே கட்டிப்போடப்பட்டார் என்பதெல்லாம் கம்பெனி கேட்டுக்கு வெளியே முன்பே முடிவாகிவிடும். கேட்டுக்கு உள்ளே நடப்பதற்கே இந்த முறை போதவில்லை. கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 சான்றிதழ் வாங்கியது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே போய்க் கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

ஜூடித் ஹேயர் கோவைப் பகுதிக் கிராமங்களுக்கு 1981-82ல் போனார். 1996ல் அதே கிராமங்களுக்கு மறுபடி போனார். 2008-09ல் மீண்டும். ஒரு முறை வந்து படம் பிடித்துப் போகிறவருக்கும், கால் நூற்றாண்டு திரும்பத் திரும்ப வருகிறவருக்கும் வேறுபாடு உண்டு. முன்பணம் வாங்கி ஆண்டுக் கணக்கில் தோட்டத்தில் கட்டுண்ட பண்ணையாள் முறை மெல்ல உடைவதையும், தொழில் வளர்ச்சியின் நல்ல பங்கு தலித்துகளைத் தாண்டிப் போவதையும் அவர் வீடு வீடாகப் பதிவு செய்தார்.

அவருக்குப் பின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் 2008 முதல் திருப்பூர் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். கட்டுரைகளில் வருவது புனைபெயர்கள். ஒரு கிராமம் திருப்பூருக்கு எட்டும் தூரத்தில். அங்கிருந்து தலித் இளைஞர்கள் பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். கலந்து உட்கார்ந்து தைக்கிறார்கள், ஊர்க் கவுண்டரின் தோட்ட வேலையை நம்பியில்லை, டீக்கடையில் தனி டம்ளர் என்றால் எதிர்த்துப் பேசுகிறார்கள். இன்னொரு கிராமத்தில் விசைத்தறி. அங்கே அருந்ததியர்கள் கவுண்டர் தறிக்கூடத்தில் அட்வான்ஸ் வாங்கி, அதை அடைக்க முடியாமல், ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கடனோடு மாறுகிறார்கள். பண்ணையாள் முறை தோட்டத்தில் செத்துத் தறிக்கூடத்தில் மறுபிறவி எடுத்திருக்கிறது. ஒரே வட்டாரம், ஒரே ஜவுளித் தொழில், ஒரே காலம்! 'இந்தியாவின் மனிதவள மேலாண்மை' என்று ஒரு மதிப்பெண் போட்டால் இந்த இரண்டில் எது அது? வியட்நாமோடு ஒப்பிடும் முன் இந்த இரண்டு கிராமத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாமா?

கம்பெனி வேலை விடுதலை தந்தது என்று முடித்துவிடவும் முடியாது. முதல் கிராமத்துக்காரர்களும் தையலில் இருக்கிறார்கள், செக்கிங்கில் இருக்கிறார்கள். கம்பெனி உரிமையாளர் வரிசைக்குப் போனவர்கள் அரிது. ஆனாலும் எங்கள் தலைமுறைக்கு அந்த பஸ் பெரிய விஷயம். மதிப்பெண் பட்டியலில் வராத விஷயம்.

நூற்பாலைகளின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறோம். மூன்று ஆண்டு விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணத்துக்கு ரூ. 30,000 முதல் 50,000 வரை மொத்தமாகத் தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம். 2011ல் சோமோ என்ற டச்சு ஆய்வு அமைப்பும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே 'தலித் சிறுமிகள்' என்று இருந்தது. 2014ல் ஐந்து மில்களைச் சேர்ந்த 151 தொழிலாளர்களைப் பேட்டி கண்டு அடுத்த அறிக்கை வந்தது. 151 என்பது மேலாண்மைக் கணக்கெடுப்பாளர்களுக்குச் சிறிய எண். ஆனால் அந்தப் பெண்களிடம் பேசியது மில் வளாகத்துக்கு வெளியே. அதனால்தான் விடுதிக் கதவின் பூட்டு பற்றி அவர்களால் சொல்ல முடிந்தது.

மேலாளர்களிடம் போனால் சாதியைக் கண்டுபிடிக்கவே முடியாதா என்று கேட்டால், முடியும். கேட்கத் தெரிய வேண்டும். கேத்ரின் நியூமன், சுரிந்தர் ஜோத்கா இருவரும் டெல்லியில் பெரிய கம்பெனிகளின் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007ல் எழுதினார்கள். எல்லாரும் தகுதிதான் முக்கியம், சாதி பார்ப்பதில்லை என்றார்கள். அதே வாயால், நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கேட்பதாகவும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, எந்த ஊர், எப்படிப்பட்ட வீடு. சாதி என்ற சொல்லைத் தொடாமலே சாதி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் பத்திரிகை விளம்பரங்கள் 548க்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆடை ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். உலக பிராண்டுகளுக்குத் தைக்கும் ஆலை அது. விதிமுறைகளுக்கும் ஆடிட்களுக்கும் பஞ்சமில்லாத தொழில் இது. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் கம்பெனியோடும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடுக்கிறது. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற அளவில் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்கள். ஆண்டுக்கொரு முறை வந்து போகும் படிவத்துக்குப் பதில், பக்கத்து மெஷினில் தினமும் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா. கேள்வி கேட்பவர் மாறினால் என்ன பதில் வரும் என்பதற்கு நமக்குத் தெரிந்த மிக அருகிலுள்ள சான்று இது.

இப்போது படிவங்கள் இன்னும் பெருகப் போகின்றன. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் விநியோகச் சங்கிலிச் சட்டம், பாகுபாட்டுக் காரணங்களில் சமூகப் பிறப்பையும் சேர்த்திருக்கிறது. இங்கே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் ஆலைகளை அளக்கும் ஆண்டுத் தொழில் ஆய்வில் ஆண், பெண், காண்ட்ராக்ட் என்று பிரிவு இருக்கிறது, சாதி இல்லை. கணக்கெடுப்பில் வரும் சாதியையும் தொழிலையும் ஒரே அட்டவணையில் வைத்து வெளியிடு என்று நாம் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். வெளிவந்த பிறகு கேட்டால் அடுத்த பத்தாண்டு.

அந்தத் தங்கையோடு அன்று மாலை வரை உட்கார்ந்தோம். 'உங்கள் சாதி என்ன' என்ற கட்டத்தைத் திரும்பச் சேர் என்று நாங்கள் சொல்லவில்லை. கம்பெனி வாசலில் அதைக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர்களுக்குத்தான் ஆபத்து. வேறு சில கேள்விகளை அவளே எழுதினாள். இந்த வேலை இருப்பதை உங்களுக்கு யார் சொன்னது? கையில் அட்வான்ஸ் எவ்வளவு நிற்கிறது, யாரிடம்? உங்களோடு சேர்ந்தவர்களில் சூப்பர்வைசர் ஆனது யார், அவர் காண்ட்ராக்டருக்கு என்ன உறவு? மதியம் யாரோடு சாப்பிடுகிறீர்கள்? முதலில் அவள் அம்மாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னோம்.

மறுவாரம் போன் செய்தாள். அம்மா இரண்டு மணி நேரம் பேசினாராம். பன்னிரண்டு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவர், லைனில் தனக்குப் பின்னால் வந்து சூப்பர்வைசர் ஆனவர்களை ஊரோடு, உறவோடு வரிசையாகச் சொல்லியிருக்கிறார். "இதை எந்தக் கட்டத்துலண்ணா போடுறது?" என்று கேட்டாள். கைடு இரண்டு கேள்விகளை மட்டும் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.